நாயொடு கடைவீதி சென்றது

நடத்தற்கு நல்ல வழியும், சென்று சேர்தற்கு ஒரு சிற்றூரும், உடன் வருதற்கு ஓர் உயிரும் அமையுமாயின், அரைநாட் பொழுதை இனிது போக்குதற்கு வேறொன்றும் வேண்டுவதில்லை. இம்மூன்றனுள் முதலிரண்டும் நம் நாட்டிற் குறைவற உள. மூன்றாவதாகிய உயிர் நாயாயிருப்பின், அதனோடு கடைவீதியுட் புகுந்து, ரொட்டிக்கடையிலும் புத்தகக்கடையிலும் ஏறி இறங்குதல் நம்மூர்களில் ஆகாத காரியம். பாளையங்கோட்டை மார்க்கெட்டினுள் ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு நுழைவாராயின், நாயையும் அவரையும் ஒருங்கே வெளியேற்றிவிடுவர். ஆங்கில நாட்டின் வடமேற்கே, கம்பிரியா என்னும் மலைநாட்டிலுள்ள கெசிக் என்னும் சிற்றூரிலோ, நாயின்றி வருவாரை நோக்கி 'உம் நாய் எங்கே?' என்று வினவாத குறைதான். 2025ஆம் ஆண்டு மே மாதத்து ஒரு சனிக்கிழமையன்று யாம் ஒரு நாயொடு அவ்வூர்க் கடைவீதிக்கு நடந்து சென்றதனையும், ஆங்கு நிகழ்ந்ததனையும் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் நன்னூலொடு போராடிக்கொண்டிருக்கும் யாம் கம்பிரியா சென்றது எற்றுக்கெனின், கூறுதும். எம் தந்தையாருடன் பிறந்த அத்தை பென்ரித் என்னும் ஊரில் பல்லாண்டுகளாக நர்ஸ் வேலை பார்த்து வருகின்றார். மாமா 2024ஆம் ஆண்டு நவம்பரில் மாரடைப்பினாற் காலமானார். பிள்ளைகள் இல்லை. பாளையங்கோட்டையில் எண்பத்தாறு வயதான எம் ஆச்சி, மகள் இனி அங்குத் தனித்திருத்தல் ஆகாது, வீட்டை விற்றுவிட்டுக் கிறிஸ்துமஸுக்குள் ஊர் வந்து சேரட்டும் என்று நாடோறும் சொல்லிக்கொண்டிருந்தார். தந்தையார் அச்சொல்லை எம்வாயிலாக அனுப்பினார். விடுமுறைப் பயணம் என்பது பெயரளவே; யாம் தூதராகவே சென்றோம். தூதின் பொருளுக்கு அத்தை ஒருபொழுதும் மாறு கூறியதில்லை. ஆயின் தொலைபேசியிற் பேசும்போதெல்லாம் ஈற்றில் ஒரே வினாவைக் கேட்பார்: "மணியை என்ன செய்வது?"

மணி என்பது மாமாவின் நாய். கறுப்பும் வெண்மையும் கலந்த, ஆடு மேய்க்கும் இனத்தது, வயது பன்னிரண்டு. நம்மூர்த் தெருக்களில் மூன்றுக்கு ஒரு நாய் மணியாகவே இருக்குமாதலின் மாமா அப்பெயரிட்டதில் வியப்பில்லை. ஆனால் அப்பெயர் ஆங்கிலர் செவியிற் 'பணம்' என்னும் பொருளுள்ள அவர்தம் சொல்லாகவே ஒலித்தது. 'இந்தியர் ஒருவர் தம் நாய்க்குப் பணம் என்று பேரிட்டிருக்கின்றார். பணம் கூப்பிட்டால் வருகின்றது. எமக்கோ வருவதில்லை' என்று அவ்வூரார் நகையாடுவராம். மாமா அவர்களைத் திருத்தியதே இல்லையென்று அத்தை கூறினார்.

மணியைக் கண்ட முதனாள் யாம் மாடிப்படியின்மேல் நின்றுகொண்டே அத்தையோடு பேசினோம். எட்டு வயதில் எம்மைத் தெருநாயொன்று முழங்காலிற் கடித்தது. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், இருபத்தெட்டாம் நாள் என ஐந்துமுறை ஊசி குத்துண்டோம். அக்கணக்கு வாய்பாட்டினும் நன்றாக எமக்கு மனப்பாடம். அதன்பின் நாயைக் கண்டால் எதிர்ச்சிறகுக்கு மாறி நடப்பதே எம் வழக்கம். அச்சம் நியாயமானதே என்று இன்றும் கருதுகின்றோம்.

நிற்க. வழியைக் கூறுவோம். பென்ரித்திலிருந்து கெசிக்குக்கு முற்காலத்தில் இருப்புப்பாதை இருந்தது. அது 1864ஆம் ஆண்டிற் சரக்கு வண்டிகளுக்கும், 1865ஆம் ஆண்டிற் பிரயாணிகளுக்கும் திறக்கப்பட்டது. அதனை வகுத்த எஞ்சினீயர் தாமஸ் பௌச் என்பார். பின்னாளில் ஸ்காத்லாந்தில் டே ஆற்றின்மேற் பாலம் அமைத்து, அது 1879ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் ரயில் வண்டியோடும் ஆற்றில் வீழ்ந்தமையால் தீராப் பழி எய்தியவர் இவரே. கெசிக் பாதை 1972ஆம் ஆண்டு மார்ச்சில் மூடப்பட்டது. தண்டவாளங்களைப் பெயர்த்த பின்னர், திரெல்கெல்ட் என்னும் சிற்றூரிலிருந்து கெசிக் வரையுள்ள மூன்று மைலும் நடப்போர்க்கும் சைக்கிளில் வருவோர்க்கும் உரிய வழியாயிற்று. ரயில் ஏற முடியாத ஏற்றம் அதில் இராதாகலின், முதியோரும், சக்கர நாற்காலியிற் செல்வோரும், கிழநாய்களும் வருந்தாது செல்லலாம். மாமா ஒவ்வொரு சனிக்கிழமையும் மணியைக் கூட்டிக்கொண்டு திரெல்கெல்ட் வரை பஸ்ஸில் வந்து, இவ்வழியே கெசிக்குக்கு நடந்து, கடைவீதியில் வேண்டியன வாங்கிக்கொண்டு, பஸ்ஸிலேயே மீள்வாராம். அத்தைக்குச் சனிக்கிழமையும் ஆஸ்பத்திரி வேலை உண்டு. ஆதலின் உடன் சென்றது அருமை. அவர் இறந்தபின் அத்தை கெசிக்குக்கு ஒருமுறையேனும் செல்லவில்லை.

அன்று செல்லுதற்கு ஒரு காரணம் வாய்த்தது. கெசிக்குக்கு அண்மையில் ஆட்டுப்பண்ணை வைத்திருக்கும் மூதாட்டி ஒருவர் சனிக்கிழமைச் சந்தையிற் கம்பளிநூல் விற்பவர். மணி பிறந்தது அவர் பண்ணையிலேதான். ஆடு மேய்க்கப் பழக்கியபோது ஆட்டைக் கண்டு அதுவே அஞ்சி ஓடிற்றென்று ஒரு வயதில் மாமாவுக்குக் கொடுத்துவிட்டார். இப்போது, 'நீங்கள் ஊருக்குப் போவதாயின் அதை என்னிடமே விட்டுச் செல்லுங்கள்' என்று அவர் அத்தைக்கு எழுதியிருந்தார். அவரைக் கண்டு ஒரு முடிவு சொல்ல வேண்டும்.

ஆளுக்கு மூன்று பவுன் கொடுத்துப் பஸ் ஏறினோம். மணிக்கு யாதும் கேட்டிலர். அது தானே சென்று பின்வரிசை இருக்கையின் அடியிற் படுத்துக்கொண்டது; அவ்விடம் அதற்கு உரிமைப்பட்டது போலும். திரெல்கெல்டில் இறங்கியதும், பிளென்காத்ரா என்னும் மலை 868 மீட்டர் உயரத்தோடு தலைமேலே நின்றது. பனிக்காலம் போய்ப் புல் தழைத்த காலம். வேலிகளுக்கப்பால் ஹெர்ட்விக் என்னும் அந்நாட்டு ஆடுகள் மேய்ந்தன. இவற்றின் குட்டி கறுப்பாய்ப் பிறந்து, வளர வளரச் சாம்பல் நிறமாகும். குட்டிகள் தாய்களின் பின்னே தத்தித் திரிந்தன. ஆடுகள் உள்ள இடத்தில் நாயைக் கயிற்றிற் பிடித்தல் வேண்டும். மார்ச் முதல் ஜூலை முடிய, பொதுமக்கள் நடக்க உரிமை பெற்ற மலைவெளிகளிற் குறுங்கயிற்றிலன்றி நாய் செல்லலாகாது என்பது 2000ஆம் ஆண்டுச் சட்டம். நாய் ஆட்டைத் துரத்துமாயின் உடையவர்க்குத் தண்டம் உண்டு. ஆட்டுக்காரர் நாயைச் சுட்டுவிடினும் சில நிலைகளிற் சட்டம் அவர் பக்கமே நிற்கும். நாயிடத்து அளவிறந்த அன்புடைய மக்கள் என்று கேட்டிருந்த எமக்கு இக்கடுமை வியப்பளித்தது. ஆயின் மணிக்கு இச்சட்டங்கள் மிகை. ஆட்டுக்குட்டி ஒன்று வேலியருகே வந்து கத்தியபோது அது அத்தையின் மறுபக்கத்துக்கு ஒதுங்கிக்கொண்டது.

வழி கிரேட்டா என்னும் ஆற்றை விட்டுப் பிரியாது அதனைப் பலமுறை குறுக்கிட்டுச் செல்கின்றது. ஆறு வளைய, பாதை நேரே ஓட, ஓரிடத்தில் ஆறு வலத்தேயும் மறுகணம் இடத்தேயும் ஒலிக்கும். 2015ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் 'டெஸ்மண்ட்' எனப் பெயர் பெற்ற புயலில், அணித்தேயுள்ள ஹானிஸ்டர் கணவாயில் ஒரு நாள் அளவில் 341.4 மில்லிமீட்டர் மழை பெய்தது. அந்நாட்டில் அதற்குமுன் ஒரு நாளில் அத்துணை மழை பதிவானதில்லை. அவ்வெள்ளத்தில் இப்பாதையின் பாலங்களுள் இரண்டு அடித்துச் செல்லப்பட்டன. ஏறத்தாழ எண்பது இலட்சம் பவுன் செலவிட்டுச் செப்பனிட்டு, சரியாக ஐந்தாண்டு கழித்து 2020ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் மீண்டும் திறந்தனர். திறந்தபோது வழியெங்கும் தார் போட்டமை தகாது, காட்டுவழி காட்டுவழியாகவே இருத்தல் வேண்டும் என்று வழக்கிட்டோரும் பலர். நாற்காலி வண்டியில் தாமே உருட்டிக்கொண்டு வந்த ஒரு கிழவரையும், அவர் மடிமேல் வீற்றிருந்த சிறு நாயையும் கண்டபின் யாம் தார் போட்டார் பக்கமே சேர்ந்தோம்.

நெடுஞ்சாலை அமைத்த நாளில் மண்ணிட்டு மூடப்பட்ட பழைய ரயில் சுரங்கமொன்றையும் அப்போது தோண்டி எடுத்துத் திறந்தனராம். முன்னாளில் ஆங்கு அருகே நூலாலைகட்கு வேண்டிய மரக்கண்டுகள் செய்யும் பட்டறை இருந்தமையின் அதன் பெயராலேயே சுரங்கமும் வழங்குகின்றது. அதன் வாயிலில் அத்தை நின்றார். "தம்பி, செருப்பு வார் அவிழ்ந்துவிட்டது. இவனை ஒரு நிமிஷம் பிடித்துக்கொள்" என்று கயிற்றை எம் கையிற் கொடுத்துவிட்டுக் குனிந்தார். மணி நிற்கவில்லை. வேறு வழியின்றி யாமும் அதன் பின்னே இருளுட் புகுந்தோம். விளக்குகள் மங்கலாய் எரிந்தன. எம் காலடி ஓசையும் அதன் நகவோசையும் கூரையில் எதிரொலித்தன. நடுவழியிற் சைக்கிளொன்று மணியடித்து விரைந்து வர, நாய் எம் காலோடு ஒட்டிநின்றது. அதன் விலாவெலும்பு எம் முழங்காலில், அதுவும் பழைய தழும்பின்மேல், பட்டு நடுங்கிற்று. அஞ்சுவது அதுவோ யாமோ என்று பகுத்தறிய முடியவில்லை. வெளிச்சத்துக்கு வந்தபின் கயிற்றை அத்தை திரும்பக் கேட்கவில்லை; யாமும் கொடுக்கவில்லை.

எதிர்ப்படுவோர் முதலில் நாயை நலம் வினவி, பின்னரே நாய்க்குடையாரை நோக்குதல் அவ்வழியின் மரபு. மணி எத்துணை வயதினன், முழங்கால் நோவு உண்டோ, மீன்பிடி விருப்பமோ என்றெல்லாம் கேட்பர். எம் பெயரை ஒருவரும் கேட்டிலர். நம் நூல்களில் நாய்க்கு இத்துணை வரவேற்பு இல்லை. 'ஞமலி' என்பது பூழிநாட்டார் நாய்க்கு வழங்கும் திசைச்சொல் என்று உரையாசிரியர் காட்டிய அளவில் பரீட்சைக்கு அதனை யாம் நெட்டுருச் செய்தோமன்றி, அச்சொல்லுக்குரிய உயிரோடு நடந்ததில்லை. வேதபுத்தகத்திலும் நாய்க்குப் பெருமை குறைவே. லாசருவின் புண்களை நக்கின நாய்களே சிறிது இரக்கமுடையனவாகத் தோன்றுகின்றன. நாலடியார் ஒன்றே துணிந்து நாயின் பக்கம் பேசுகின்றது. பாகனையே கொல்லும் யானை போன்றாரை விட்டு, எய்த வேல் உடம்பில் நிற்கவும் வாலைக் குழைக்கும் நாய் போன்றாரோடு நட்புக் கொள்ளுக என்பது அதன் கருத்து. வகுப்பில் இதனைப் படித்த நாளில் யாம் யானையையே விரும்பினோம்.

பழைய ரயில் நிலையத்தில் வழி முடிகின்றது. மேடை மாத்திரம் இன்றும் உளது. மணி அம்மேடையருகே வந்ததும் நடையை விரைவாக்கிற்று. பூங்காவைக் கடந்து ஆற்றுப்பாலத்தின்மேல் எம்மை இழுத்துக்கொண்டே சென்றது. எங்கே செல்ல வேண்டும் என்று எமக்குத் தெரியாது. அத்தைக்கும் முழுதும் தெரியாது. அறிந்தது அந்நாய் ஒன்றே.

கெசிக் நம் திருநெல்வேலியார்க்கு முற்றும் அயலூர் அன்று. 1875ஆம் ஆண்டு தொடங்கி ஆண்டுதோறும் கோடையில் அங்குக் கூடும் கிறிஸ்தவ மகாசபை பேர்பெற்றது. அச்சபையார் தம் பொருளால் முதன்முதல் அனுப்பிய ஊழியர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1893ஆம் ஆண்டில் ஜப்பானுக்குப் புறப்பட்டவர், 1895ஆம் ஆண்டில் இந்தியா வந்து, டோனாவூரில் ஐம்பதாண்டளவு வாழ்ந்து 1951ஆம் ஆண்டில் அங்கேயே மறைந்தார். இந்தியா வந்தபின் ஒருபோதும் தம் நாட்டிற்குத் திரும்பினாரல்லர். அவர் கல்லறையிற் கல் இல்லை, பறவைகள் நீராடும் தொட்டியே உண்டு என்பதை டோனாவூர் சென்றார் அறிவர். கெசிக்கிற் பென்சில் செய்த பழைய ஆலையின் நிலம் இப்போது அச்சபையாருடையது. இவற்றையெல்லாம் யாம் உற்சாகத்தோடு அத்தைக்குச் சொல்லிவந்தோம். அவர், "போனவர் திரும்பாதிருந்ததை ஊழியம் என்கிறீர்கள். நான் திரும்பாதிருந்தால் என்ன சொல்வீர்கள்?" என்றார். விடையிறுக்க எமக்குத் தோன்றவில்லை.

கடைவீதியின் நடுவே மூட் ஹால் என்னும் பழைய மண்டபம் நிற்கின்றது. 1813ஆம் ஆண்டிற் கட்டியது. கோபுரத்துக் கடிகாரத்துக்கு ஒற்றை முள்ளே உண்டு. அதனைச் சுற்றிச் சந்தை. கடைதோறும் வாயிலிற் பீங்கான் கிண்ணத்தில் நாய்கட்குத் தண்ணீர் வைத்திருந்தனர். கதவுகளில் 'நாய்கள் வரலாம்' என்றும், சிலவற்றில் 'நாய்களே, உங்கள் மனிதர்களையும் அழைத்து வரலாம்' என்றும் எழுதியிருந்தது. உணவுச்சாலையின் மேசையடியில் நாய். துணிக்கடையிற் சட்டை அளவு பார்ப்பவர் காலடியில் நாய். ஏரியில் விடும் படகிலும் நாய். ஒன்றையொன்று கண்டு குரைத்தலும் அரிது. சனிக்கிழமைச் சந்தைக் கூட்டத்தில் இத்துணை நாய்களுக்கிடையே யாம் நடந்தோம் என்று ஊரிற் சொன்னால் எம் தாயார் நம்பார்.

இவர்க்கு நாயிடம் அச்சமின்மை பிறவிக்குணம் என்று எண்ணற்க. அந்நாட்டிலும் வெறிநாய்க்கடி இருந்தது. 1897ஆம் ஆண்டு முதல் நாய்கட்கு வாய்ப்பூட்டு இட்டே வெளியே கொணர்தல் வேண்டும் என்று அரசாங்கம் வற்புறுத்தியபோது மக்கள் பெரிதும் கூச்சலிட்டனர், அமைச்சர் அசையவில்லை. 1902ஆம் ஆண்டளவில் நோய் நாட்டைவிட்டு நீங்கிற்று. முதல் உலகப்போர் முடிவில், 1918ஆம் ஆண்டில், திரும்பிவந்த வீரர் ஒளித்துக் கொணர்ந்த நாய்களால் மீண்டும் புகுந்து, 1922ஆம் ஆண்டில் அறவே ஒழிந்தது. அதன்பின் நெடுங்காலம், வெளிநாட்டு நாய் எதுவாயினும் ஆறு மாதம் அடைப்பில் இருந்தே உள்ளே வரும். ஆகவே வாயிலில் வைத்த தண்ணீர்க் கிண்ணத்தின் பின்னே வாய்ப்பூட்டும் அடைப்பும் உள. நம் நாட்டில், 1902ஆம் ஆண்டில் ஓர் ஆங்கில மாது வெறிநாய்க்கடியால் இறந்ததை ஒட்டி, அமெரிக்கச் செல்வர் ஒருவர் ஈந்த பொருளின் துணையோடு குன்னூரில் 1907ஆம் ஆண்டிற் பாஸ்டர் நிலையம் எழுந்தது. கடியுண்டார்க்கு மருந்து செய்தோம். நல்லதே, அதனாலன்றோ யாமும் இதனை எழுத உயிரோடு உள்ளோம். நாய்க்கு மருந்து குத்துவதிலும், அதற்கு உடையவர் ஒருவரை ஏற்படுத்துவதிலும் பின்தங்கினோம். எம் தெரு முனைத் தேநீர்க் கடைக்காரர் காலையில் நான்கு நாய்களுக்கு ரொட்டி போடுகின்றார். அவற்றுள் ஒன்றுக்கேனும் கழுத்துப்பட்டை இல்லை. அன்பு அங்கும் உண்டு, இங்கும் உண்டு. முகவரிதான் இல்லை.

முகவரி என்றமையால் ஒன்று கூற வேண்டும். பொதுவிடத்தில் நாயின் கழுத்துப்பட்டையில் உடையவர் பெயரும் முகவரியும் இருத்தல் வேண்டும் என்பது 1992ஆம் ஆண்டு முதலான சட்டம். மணியின் பித்தளைத் தகட்டில் மாமாவின் பெயரே இருந்தது. கயிற்றைப் பிடித்து வந்த வழியெல்லாம் அப்பெயரைப் பார்த்துக்கொண்டே வந்தோம்.

மணி முதலில் ஒரு ரொட்டிக்கடையுட் புகுந்தது. கடைக்காரர் குனிந்து, "ஆ, பணம் வந்துவிட்டது! ஆறு மாதமாக எங்கே போயிருந்தாய்?" என்று அதன் தலையைத் தடவிவிட்டு, நிமிர்ந்து எம்மையும் அத்தையையும் பார்த்தார். "அவர் எங்கே?" என்றார். அத்தை சொன்னார். அவர் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்து, தலைப்பாகைபோற் கட்டியிருந்த துணியைக் கழற்றி நின்றார். அடுத்துப் பழைய புத்தகக்கடை. ஆங்கும் அதே வினா, அதே விடை. பின்னர்ச் செருப்பு தைப்பவர். பின்னர் இறைச்சிக்கடை. அத்தை ஆறு மாதம் இவ்வூர்க்கு வராதிருந்தது இதற்காகவே என்பது அப்போது விளங்கிற்று. மாமாவின் மரணத்தை ஊரில் எம் தந்தையார் ஒருவரே எல்லோர்க்கும் அறிவித்தார். இங்கே அத்தை ஒவ்வொரு கடையிலும் ஒருமுறை தாமே சொல்ல வேண்டியதாயிற்று. நாயோ ஒரு கடையையும் விடுவதாயில்லை. இறைச்சிக்கடையிலிருந்து வெளிவந்ததும், "அத்தை, கயிற்றை இழுத்துப் பிடித்து நேரே சந்தைக்குப் போய்விடுவோமா?" என்று கேட்டோம். "வேண்டாம். அவன் போகிற இடமெல்லாம் போவோம்" என்றார்.

ஐந்தாவது ஒரு பணியாரக்கடை. அத்தை அதனைக் கண்டதும் தெருவிலேயே நின்றுவிட்டார். மாமாவுக்குப் பதினைந்தாண்டாக நீரிழிவு. வீட்டிற் சர்க்கரை டப்பாவையே அத்தை பூட்டி வைத்திருந்தவர். மணி உள்ளே சென்று சன்னலோர மேசையடியில் அமர்ந்து, பணிப்பெண்ணை நிமிர்ந்து நோக்கியது. அப்பெண் ஒரு வார்த்தையும் கேளாமல், நாய்க்கென எலும்பு வடிவிற் செய்த பிஸ்கோத்து ஒன்றையும், தட்டில் இஞ்சிப் பணியாரம் ஒரு பெருந்துண்டையும் கொணர்ந்து வைத்தாள். "வழக்கமானது" என்றாள். "எத்தனை நாள் வழக்கம்?" என்று அத்தை கேட்டார். "நான் இங்கே வந்து நாலு வருஷம் ஆகிறது, அதற்கு முன்னும் உண்டென்று முதலாளி சொல்வார்" என்றாள். அத்தை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு சிரிக்கத் தொடங்கினார். யாம் வந்து மூன்று வாரத்தில் அவர் சிரித்தது அன்றுதான். சிரித்துக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே அத்துண்டை முழுவதும் தின்றார். எமக்கு ஒரு விள்ளல் கூடத் தரவில்லை.

சந்தையில் அம்மூதாட்டி எமக்காகக் காத்திருந்தார். கம்பளிநூல் உருண்டைகள் அடுக்கிய மேசையின் கீழ் மணி நேரே சென்று, தன் பழைய இடத்திற் படுப்பதுபோல் முன்கால்களின்மேல் முகத்தை வைத்துக் கண்மூடிற்று. மூதாட்டி யாதும் வற்புறுத்தவில்லை. பண்ணையில் நெருப்புக்கூண்டருகே இடம் உண்டு, தம் பேத்திகள் உண்டு, இனி அதற்கு ஆடு மேய்க்கும் வேலை வையார் என்றார். அவர் கூறியது அத்தனையும் மெய்யாயிருக்கும் என்று எமக்குத் தோன்றிற்று. நாய்க்கு அவ்விடம் பொருந்தாது என்று சொல்லுவதற்கு யாதொரு காரணமும் இல்லை. எம் தூதும் முடிந்தது என்றே எண்ணினோம். பன்னிரண்டு வயது நாயை ஆகாய விமானத்திலேற்றி மே மாதத்துப் பாளையங்கோட்டைக்குக் கொணர்தல் கொடுமை. அதனை அத்தையும் பலகால் சொல்லியிருக்கின்றார். அத்தை மூதாட்டியின் கையைப் பற்றிக்கொண்டு நன்றி கூறினார். நூல் நான்கு உருண்டை வாங்கினார். பின்பு, "மணி, வா" என்றார். அது எழுந்து வந்தது.

திரும்பும்போது செருப்பு தைப்பவர் கடையில் மீண்டும் ஏறினார். சாவி வெட்டுதலும், தகட்டிற் பெயர் பொறித்தலும் அவர்க்கு உண்டு. புதிய தகடொன்று வேண்டும் என்றார் அத்தை. அவர் ஒரு சீட்டையும் பென்சிலையும் நீட்டினார். பண்ணையின் முகவரியை எழுதுவார் என்று யாம் எதிர்பார்த்தோம். அத்தை தம் பெயரை எழுதினார். பென்ரித் வீட்டு முகவரியை அதன்கீழ் எழுதினார். பொறியின் ஊசி பித்தளையில் ஓடும் ஓசை சில நிமிஷம் கேட்டது. பழைய தகட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து பையில் வைத்துக்கொண்டார். நாயின் தோளடியிற் பதித்த சில்லிலும் பெயரை மாற்ற வேண்டும், அது 2016ஆம் ஆண்டு முதல் கட்டாயம் என்று கடைக்காரர் நினைவூட்டினார். "திங்கட்கிழமை மாற்றிவிடுகிறேன்" என்றார் அத்தை.

பஸ்ஸுக்கு நின்றபோது, "அப்பாவிடம் என்ன சொல்லட்டும், அத்தை?" என்று கேட்டோம். "அப்பாவிடம் நீ சொல். அம்மாவிடம் நான் சொல்லுகிறேன்" என்றார்.

மாலை நான்கு மணிக்கு வீடு சேர்ந்தோம். ஊரில் அப்பொழுது இரவு எட்டரை. ஆச்சி உறங்குமுன் அத்தை தொலைபேசியில் அழைத்தார். மணி இருக்கும்வரை தாம் இருப்பதாகவும், ஜனவரியில் ஒரு மாதம் லீவு எடுத்து வருவதாகவும் கூறினார். ஆச்சி சினக்கவில்லை. நெடுநேரம் பேசாதிருந்து, "அந்த நாய்க்கு என்ன வயசு?" என்று வினவினார்.

"பன்னிரண்டு, அம்மா."

"எனக்கு எண்பத்தாறு" என்றார் ஆச்சி.

அத்தை மறுமொழி கூறவில்லை. தொலைபேசியைக் காதோடு வைத்தபடியே நின்றார். அப்புறத்திலும் வைக்கவில்லை. மேசையின் கீழே மணி பின்காலாற் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது. புதிய தகடு ஒலித்தது. அவ்வொலி ஆச்சிக்கும் கேட்டிருத்தல் வேண்டும். "சாப்பாடு போட்டாயா அதற்கு?" என்று கேட்டார்.